மில்லிமீட்டரில் ஒரு போர் விமானம்

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

சென்ற கோடை விடுமுறையில் சிங்கப்பூரிலிருந்து வந்த என் மாமா, ஒரு சிறிய அட்டைப்பெட்டியை என் கையில் கொடுத்தார். மேலே ஸ்பிட்பயர் என்னும் போர் விமானத்தின் படம். உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக் சட்டங்கள். கொடியில் காய்கள் தொங்குவது போல, அச்சட்டங்களில் இறக்கை, வால், விசிறி, சக்கரம் எனச் சிறு சிறு பாகங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவற்றைக் கத்தரித்து எடுத்து, தேய்த்து, பசையிட்டு ஒட்டினால் விமானம் உருவாகிவிடும். "காலேஜ் போற வயசுல பொம்மையாடா?" என்றார் அம்மா. எனக்கு உடனே பதில் சொல்ல வரவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் படித்ததையும் அளந்ததையும்தான் இங்கே நண்பர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஸ்பிட்பயர் விமானத்தை வடிவமைத்தவர் ஆர். ஜே. மிட்செல் என்னும் ஆங்கிலப் பொறியியல் அறிஞர். அது முதன்முதலில் பறந்தது 1936 மார்ச் 5-ஆம் நாள். அடுத்த ஆண்டே மிட்செல் காலமானார்; தம் படைப்பு போரில் பெற்ற புகழை அவர் காணவில்லை. இரண்டாம் உலகப் போர் முடிவதற்குள் இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் ஏறத்தாழ இருபதாயிரம் ஸ்பிட்பயர்கள் கட்டப்பட்டன. அவற்றின் சிறிய உருவங்களைச் செய்து விற்கும் நிறுவனங்களும் பல. இங்கிலாந்தின் ஏர்பிக்ஸ், ஜப்பானின் தாமியா, ஹாசெகாவா, செக் நாட்டின் எடுவார்ட், உக்ரைனின் ஐ.சி.எம். ஆகியவை அவற்றுள் சில. எல்லாரும் செய்வது ஒரே விமானத்தைத்தான். ஆயினும் இரு நிறுவனங்களின் உருவங்களை அருகருகே வைத்தால் ஒன்றுபோல் மற்றொன்று இராது. எனில், அவற்றுள் எது உண்மை?

இதை ஆராயுமுன் அளவு விகிதத்தைப் பற்றி ஒரு சொல். என் பெட்டியில் 1/72 என்று அச்சிட்டிருந்தது. உண்மை விமானத்தில் 72 அங்குலம், அதாவது 6 அடி, மாதிரியில் ஓர் அங்குலமாகும். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரம் நிற்பான். 1930-களில் இங்கிலாந்தில் மரத்தால் செய்யப்பட்ட ஸ்கைபேர்ட்ஸ் மாதிரிகள் இந்த விகிதத்தைப் பரப்பின. மற்றொரு பெருவழக்கு 1/48. இதில் 4 அடி ஓர் அங்குலம். பிழையைக் கணக்கிடும்போது இந்த எண்களை மனத்தில் கொள்ள வேண்டும். 1/48 மாதிரியில் ஒரு மில்லிமீட்டர் தவறினால், உண்மை விமானத்தில் அது 48 மில்லிமீட்டர்; ஏறத்தாழ இரண்டு அங்குலம்!

"இரண்டு அங்குலத்தால் என்ன குடிமுழுகிப் போகும்?" என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்தேன், பார்க்கிங் கிரீக் நிகழ்ச்சியைப் படிக்கும் வரையில்.

போர் அறிவிக்கப்பட்ட மூன்றாம் நாள், 1939 செப்டம்பர் 6. பகைவர் விமானங்கள் வருவதாகத் தவறான செய்தி கிடைத்து, இங்கிலாந்தின் 56-ஆம் படையணியின் ஹரிக்கேன் விமானங்கள் வானில் ஏறின. அவற்றையே பகைவர் விமானங்கள் எனக் கருதி, 74-ஆம் படையணியின் ஸ்பிட்பயர்கள் தாக்கின. இரண்டு ஹரிக்கேன்கள் வீழ்ந்தன. ஒரு விமானி மாண்டார். ஸ்பிட்பயரின் துப்பாக்கி வீழ்த்திய முதல் விமானம் சொந்த நாட்டு விமானம் என்பது வரலாற்றின் கொடுமை. வானில் ஒரு விமானத்தைக் கண்டால் அது எவருடையது என்று சில விநாடிகளில் சொல்ல வேண்டும். எழுத்தும் வண்ணமும் தொலைவில் தெரியா. உருவக்கோடு ஒன்றே தெரியும். ஆகவே படைவீரர்களுக்கு அப்பயிற்சியைத் தர, கறுப்பு வண்ணம் பூசிய 1/72 மாதிரி உருவங்கள் பயன்பட்டன. 1942-இல் அமெரிக்கக் கடற்படை இத்தகைய ஐந்து இலட்சம் மரமாதிரிகளைச் செய்து தருமாறு பள்ளி மாணவர்களையே கேட்டுக்கொண்டது. மாணவன் இழைப்பதில் செய்யும் பிழை, பீரங்கிக்காரனின் கண்ணில் பிழையாகக் கூடும். மாதிரி விமானங்களின் துல்லியம் பற்றிய பேச்சுக்கு வேர் இங்கே இருக்கிறது என்பது என் எண்ணம்.

இனி என் பெட்டிக்கு வருகிறேன். அது ஏர்பிக்ஸ் நிறுவனம் 2010-இல் புதிய அச்சில் வெளியிட்ட மார்க் 1 வகை. ஸ்பிட்பயர் மார்க் 1-இன் இறக்கை நீளம், ஒரு நுனியிலிருந்து மறுநுனி வரை, 36 அடி 10 அங்குலம், அதாவது 11.23 மீட்டர். இதை 72-ஆல் வகுத்தால் 155.9 மில்லிமீட்டர் வரும். எங்கள் ஆய்வகத்தின் வெர்னியர் அளவுகோல் அவ்வளவு அகலத்துக்கு விரியாது. ஆகவே ஒவ்வோர் இறக்கையையும் தனித்தனியே நடுக்கோட்டிலிருந்து அளந்து கூட்டினேன். மீச்சிற்றளவு 0.1 மில்லிமீட்டர், தொடக்கப் பிழை இல்லை. விடை, வரவேண்டியதைவிட அரை மில்லிமீட்டருக்கும் மேலாக வந்தது. நிறுவனத்தின் பிழையைக் கண்டுபிடித்துவிட்டேன் என்ற பெருமிதத்தோடு குறிப்பேட்டில் எழுதியும் வைத்தேன்.

பிழை என்னுடையது. ஸ்பிட்பயரின் இறக்கைகள் கிடைமட்டமாக இல்லை. நுனியை நோக்கி 6 பாகை மேலே சாய்ந்திருக்கின்றன. நான் அளவுகோலை அந்தச் சரிவின் மேல் வைத்து அளந்தேன். நூல்களில் தரப்படும் நீளமோ, மேலிருந்து நோக்கினால் தெரியும் கிடைநீளம். சரிவில் அளந்ததை 6 பாகையின் கொசைனால் பெருக்க வேண்டும். அதன் மதிப்பு 0.9945. பெருக்கியபின் விடை 156-ஐ மிக நெருங்கிவிட்டது. பள்ளியில் மனப்பாடம் செய்த கொசைன், ஒரு நிறுவனத்தின் மீது வீண்பழி விழாமல் காத்த முதல் சந்தர்ப்பம் அது!

இறக்கைகளை ஒட்டிக் காயவைத்திருந்தபோது என் தந்தையார் அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் தச்சுவேலை செய்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான். கதவுச் சட்டத்தைப் பார்ப்பது போல ஒரு கண்ணை மூடி, நுனியிலிருந்து நோட்டம் விட்டவர், "தம்பி, இந்த ரெக்க முறுக்கிக்கிட்டு இருக்கேப்பா. பச்ச மரம் காஞ்சாப்புல" என்றார். நான் திகைத்தேன். ஏனெனில், உண்மையான ஸ்பிட்பயர் இறக்கையில் அப்படியொரு முறுக்கு வேண்டுமென்றே வைக்கப்பட்டிருக்கிறது. உடலோடு சேரும் அடிப்பகுதியில் இறக்கையின் முன்விளிம்பு 2 பாகை மேல்நோக்கியும், நுனியில் அரைப் பாகை கீழ்நோக்கியும் இருக்கும். காற்று இறக்கையை விட்டுப் பிரியும் நிலை வரும்போது அடிப்பகுதி முதலில் தளர்ந்து, விமானம் நடுங்கி, விமானிக்கு எச்சரிக்கை தரும். நுனி கடைசிவரை பிடிப்போடு இருப்பதால் விமானம் சட்டெனக் குப்புறக் கவிழாது. மொத்தம் இரண்டரைப் பாகை. இதைத் தந்தையாரிடம் விளக்கினேன். அவர் கேட்டுவிட்டு, "சரி, அப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கணும்ல? இடது பக்கம் மட்டும்தானே முறுக்கியிருக்கு" என்றார். அவர் சொன்னது சரி. ஈரப் பசையோடு நான் இறுக்கிக் கட்டிய நூலினால் இடது இறக்கை வளைந்திருந்தது. வெர்னியருக்கு அகப்படாத பிழை அது.

ஒரு மாதிரி உருவம் துல்லியமானதா என்பதை நீளமும் அகலமும் மட்டுமே முடிவு செய்துவிட இயலாது என்பதை அன்று உணர்ந்தேன். மற்ற நிறுவனங்களின் பெட்டிகளை ஒட்டி அளந்தவர்களின் கட்டுரைகளைப் படித்தபோது இந்த எண்ணம் வலுத்தது.

ஏர்பிக்ஸின் முதல் விமான மாதிரியே ஸ்பிட்பயர்தான், 1950-களில் வெளிவந்தது. பி.டி.கே. என்ற எழுத்துகளைத் தாங்கிய அந்த உருவம், ஸ்பிட்பயரைத் தொலைவில் ஒருமுறை பார்த்தவர் நினைவிலிருந்து செய்தது போல் இருக்கும் என்று கேலி செய்வார்கள். அக்காலத்தில் அதை வாங்கிய சிறுவர்களுக்கு அது குறையாகப் படவில்லை. 1960-இல் அதற்குப் பதிலாக மார்க் 9 வகை ஒன்று வந்தது. பின்னர் தலைமுறைக்கு ஒன்றாகப் புதிய அச்சுகள் வந்தவண்ணம் இருந்தன.

1993-இல் தாமியா நிறுவனம் 1/48 விகிதத்தில் மார்க் 1-ஐ வெளியிட்டது. பாகங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் நேர்த்திக்கு ஈடு இல்லை என்று எல்லாரும் புகழ்ந்தனர். பசை இல்லாமலே நிற்கும் என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் அளந்து பார்த்தோர் வேறு சொன்னார்கள்: இறக்கையின் முன்பின் அகலம் சற்று மிகுதி; உடற்பகுதி சற்றுக் குட்டை. அழகாகப் பொருந்தும் பொருள் உண்மைக்கும் பொருந்த வேண்டும் என்ற கட்டாயம் இல்லையே! இருபத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2018-இல், தாமியாவே முற்றிலும் புதிய அச்சில் மீண்டும் மார்க் 1-ஐ வெளியிட்டது.

மார்க் 9-இன் கதை இன்னும் சுவையானது. 1941-இல் ஜெர்மனியின் போக்கெவுல்ப் 190 விமானம் வந்தபோது, அன்றைய ஸ்பிட்பயர் மார்க் 5 அதற்கு ஈடுகொடுக்க இயலாமல் திணறியது. அதற்கு மாற்றாக 1942-இல் வந்தது மார்க் 9. இரண்டு கட்டங்களில் காற்றை அழுத்தித் தரும் புதிய மெர்லின் எஞ்சினுக்கு இடம் தர, அதன் மூக்கு அரை அடிக்கும் மேலாக நீண்டது. தொலைவிலிருந்து பார்க்கும் ஜெர்மன் விமானிக்கு, வருவது பழைய 5-ஆ, புதிய 9-ஆ என்று தெரியாது. அந்த ஐயமே ஆங்கிலேயருக்கு ஓர் ஆயுதமாயிற்று. 1/48 மாதிரியில் அந்த மூக்கு நீட்சி ஏறத்தாழ நான்கு மில்லிமீட்டர்.

ஹாசெகாவா நிறுவனம் வெளியிட்ட 1/48 மார்க் 9-இல் உடற்பகுதி சில மில்லிமீட்டர் குட்டையாகிவிட்டது. எண்ணிப் பாருங்கள்: இரண்டு வகைகளை வேறுபடுத்தும் அளவு எவ்வளவோ, கிட்டத்தட்ட அந்த அளவு பிழை! மற்றபடி அதன் கோடுகள் மென்மையானவை, ஒட்டவும் எளிது. அதனால் அதைக் கைவிட மனமில்லாத சிலர், உடலை ரம்பத்தால் குறுக்கே அறுத்து, நடுவே பிளாஸ்டிக் துண்டு செருகி நீட்டிக்கொள்கிறார்கள். அதே காலத்தை ஒட்டி வந்த ஐ.சி.எம். நிறுவனத்தின் மார்க் 9 இதற்கு நேர்மாறு. உருவ அளவில் ஹாசெகாவாவைவிட உண்மைக்கு நெருக்கம். உள்ளே எஞ்சின்கூட உண்டு. ஆனால் ஒட்டுபவருக்குப் பொறுமை வேண்டும். எஞ்சினை வைத்தால் மூடி மூடாது. இறக்கையைப் பொருத்தினால் இடைவெளி தெரியும். 2013-இல் எடுவார்ட் வந்த பிறகே, உருவமும் பொருத்தமும் ஒரே பெட்டியில் கிடைத்தன என்று பலரும் ஒப்புக்கொள்கிறார்கள்.

இவ்வளவு தடுமாற்றம் ஏன் என்று கேட்கலாம். ஸ்பிட்பயரின் உருவமே காரணம். அதன் இறக்கை நீள்வட்டம் என்று படிக்கிறோம். நம் கணிதப் பாடத்து நீள்வட்டம் முன்னும் பின்னும் சமச்சீரானது. ஸ்பிட்பயரில் முன்விளிம்பு ஓர் அரை நீள்வட்டம், பின்விளிம்பு இன்னோர் அரை நீள்வட்டம்; இரண்டின் நெட்டச்சும் ஒன்று, குற்றச்சு வேறு. முன்வளைவு மென்மை, பின்வளைவு ஆழம். இதைச் சற்றுத் தவறாக வரைந்தாலும் நுனி கூர்மையாகவோ மழுங்கியோ போய்விடும். இறக்கை நீளம் சரியாக இருக்கும். விமானம் ஸ்பிட்பயராக இராது. இறக்கை உடலோடு சேரும் இடத்தின் அடிப்பக்கமும் அப்படியே. அங்கே பின்விளிம்பு நேராக வந்து முட்டாமல், கடற்பறவையின் சிறகுபோல மெல்ல வளைந்து கீழிறங்கும். பழைய மாதிரிகள் பலவற்றில் அந்த இடம் தட்டையாக இருக்கும். பின்னாலிருந்து பார்த்தால்தான் தெரியும் குறை இது. எந்த அளவு அட்டவணையிலும் இதற்கு எண் இல்லை.

அச்சுத் தொழிலின் இயல்பும் ஒரு காரணம். உருகிய பாலிஸ்டைரீனை எஃகு அச்சில் அழுத்திச் செலுத்துகிறார்கள். குளிரும்போது அது ஏறத்தாழ நூற்றுக்கு அரைப் பங்கு சுருங்குகிறது. 1/48 ஸ்பிட்பயரின் 234 மில்லிமீட்டர் இறக்கையில் இது ஒரு மில்லிமீட்டருக்கும் மேல். ஆகவே அச்சை முன்கூட்டியே பெரிதாக வெட்ட வேண்டும். மேலும், பிளாஸ்டிக்கை ஓர் அளவுக்குமேல் மெல்லியதாக வார்க்க முடியாது. இறக்கையின் பின்விளிம்பு அரை மில்லிமீட்டர் தடித்தால், உண்மையில் அது 24 மில்லிமீட்டர். உண்மை விமானத்திலோ அது கத்திமுனை போன்றது. இந்த ஒரு குறையிலிருந்து எந்த நிறுவனமும் முழுதாகத் தப்பவில்லை. ஒட்டுமுன் உட்புறத்தை உப்புத்தாளில் தேய்த்து மெல்லியதாக்க வேண்டும்.

மேற்பரப்பைப் பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. உலோகத் தகடுகள் சேரும் இடத்தைக் காட்ட மாதிரியில் கோடு கீறுகிறார்கள். 1/48-இல் அக்கோடு 0.2 மில்லிமீட்டர் அகலம் என்றால், உண்மையில் ஒரு சென்டிமீட்டர் அகல வாய்க்கால்! அப்படி விரிசல் விட்ட விமானத்தில் எந்த விமானியும் ஏறமாட்டார். ஏர்பிக்ஸின் 2010-ஐ ஒட்டிய பெட்டிகள் மீதான முக்கியக் குற்றச்சாட்டு இந்த ஆழக் கோடுகளே. என்னுடையதிலும் நகம் வைத்தால் தட்டுப்படுகிறது. எடுவார்ட் ஒருபடி மேலே போய், ரிவெட் ஆணிகளையும் ஒவ்வொன்றாகப் பொறிக்கிறது. இதைப் புகழ்வோரும் உண்டு, ஊசியால் குத்தியது போல் இருக்கிறது என்று இகழ்வோரும் உண்டு. எனக்கு இதில் நினைவுக்கு வருவது பட்டாணிக் கதை. ஆணித் தலைகளை எங்கெங்கே தகட்டோடு சமமாகப் பதிக்க வேண்டும் என்று அறிய, ஸ்பிட்பயரின் முதல் விமானத்தில் ஆணிகளின் மேல் உடைத்த பட்டாணிகளை ஒட்டிப் பறக்கவிட்டார்கள். பிறகு பகுதி பகுதியாகப் பட்டாணிகளைச் சுரண்டி எடுத்து, எந்த இடத்தில் வேகம் எவ்வளவு கூடுகிறது என்று கண்டார்கள். வேகத்தைப் பாதிக்காத இடங்களில் மலிவான உருண்டைத் தலை ஆணியே போதும் என்று முடிவாயிற்று. ஆகவே மார்க் 1-இன் இறக்கையில் ஆணிகள் வழவழப்பாகவும், உடலின் பின்பகுதியில் மேடிட்டும் இருக்கும். மாதிரியில் எல்லா இடத்திலும் ஒரே வகைக் குழிகளைப் பொறித்தால், அழகு இருக்கலாம். அந்தப் பட்டாணிச் சோதனை சொன்ன செய்தி மறைந்துவிடும்.

ஒப்பிடுவோர் எதைத் தரமாகக் கொள்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் நூல்களில் உள்ள வரைபடத்தின் மேல் பிளாஸ்டிக் பாகத்தை வைத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்றால் பாகத்தைக் குறை சொல்லுகிறார்கள். வரைபடங்களே ஒன்றோடொன்று முரண்படுவது உண்டு. நகலெடுக்கும்போது தாள் நீள்வதும் உண்டு. எஞ்சியிருக்கும் விமானங்களை அளப்பதே நேர்வழி. மிகப் பழைய ஸ்பிட்பயரான கே9942 அரச விமானப்படை அருங்காட்சியகத்திலும், பி9444 இலண்டன் அறிவியல் அருங்காட்சியகத்திலும் உள்ளன. பழுது நீக்கிப் பறக்கவிடப்படுபவையும் உண்டு; எடுத்துக்காட்டாக, 1940-இல் பிரான்சின் கலே கடற்கரை மணலில் இறங்கிப் புதைந்து, 1980-இல் தோண்டி எடுக்கப்பட்ட பி9374, 2011-இல் மீண்டும் பறந்தது. அதில் புதிதாகச் செய்து சேர்த்த பாகங்கள் ஏராளம். அதை அளந்தால் 1940-ஐ அளந்தது ஆகுமா என்ற கேள்வி எழாமல் இல்லை.

அளவுகோல் பிடித்தவர்களின் சொல் வீணாகப் போவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. ஸ்பிட்பயரின் எதிரியான மெஸ்ஸர்ஷ்மிட் 109-இன் ஜி-6 வகையை எடுவார்ட் 2014-இல் 1/48-இல் வெளியிட்டது. அது விகிதத்தைவிடப் பெரிதாக இருப்பதை வாங்கியவர்கள் அளந்து காட்டினர். எஃகு அச்சு மலிவான பொருளன்று. ஆயினும் அந்நிறுவனம் 2016-இல் அதே விமானத்தைப் புதிய அச்சில் மறுபடி செய்தது. ஆய்வகத்தில் விடை ஒத்துவராதபோது எண்ணைத் திருத்தி எழுதும் பழக்கம் உள்ள நம்மில் சிலருக்கு (என்னையும் சேர்த்தே சொல்கிறேன்) இச்செய்தி சற்று உறுத்தும்.

முடிவாக எதை வாங்கலாம் என்று நண்பர்கள் கேட்டால், முதன்முதலாக ஒட்டுபவருக்கு 2018-இன் தாமியா மார்க் 1. கையில் காசு குறைவென்றால் என்னுடையதைப் போன்ற ஏர்பிக்ஸ் 1/72. மார்க் 9 வேண்டுமென்றால் தயங்காமல் எடுவார்ட். என் ஆசை, எடுவார்ட் 2020-இல் வெளியிட்ட மார்க் 1-இன் மேல் இருக்கிறது. அதற்குக் காரணம் துல்லியம் மட்டும் அன்று. போர்க்காலத்தில் சென்னை மாகாணத்திலிருந்து அளிக்கப்பட்ட நன்கொடையின் நினைவாக, ஆங்கிலேய விமானப்படையின் 79, 234, 264-ஆம் படையணிகள் 'சென்னை மாகாணம்' என்ற பெயரைத் தாங்கின. அவற்றுள் 234-ஆம் படையணி 1940-இல் ஓட்டியது ஸ்பிட்பயர் மார்க் 1; அதன் விமானங்களின் பக்கத்தில் ஏ, இசட் என்ற இரு எழுத்துகள் இருக்கும். மாமாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறேன். எழுத்துகளை நானே வரைந்துகொள்வேன். ஒட்டிய இறக்கையை இறுக்கிக் கட்ட இம்முறை நூல் வேண்டாம் என்று தந்தையார் சொல்லிவிட்டார். இரண்டு பக்கமும் ஒரே சாய்வில் நிற்க, 6 பாகைக்கு வேப்பம்பலகையில் ஒரு தாங்கி இழைத்து வைத்திருக்கிறார்.